'அளவுகடந்த உடைமை உணர்வு' தண்டனையைக் குறைக்கும் காரணம் ஆகலாமா?

1995 ஜூலை 2 அன்று இரவு டெல்லியில் நைனா சாஹ்னி கொல்லப்பட்டார். இந்த வழக்கைப் பெயர் சொன்னால் பலருக்கு நினைவு வராது. 'தந்தூரி வழக்கு' என்றால் உடனே நினைவு வரும். சுட்டுக் கொன்ற பிறகு உடலை ஓர் உணவகத்துக்குக் கொண்டுசென்று தந்தூரி அடுப்பில் எரிக்க முயன்றவர் அவருடைய கணவர் சுசில் சர்மா. அப்போது டெல்லி இளைஞர் காங்கிரசின் தலைவராக இருந்தவர். எரிப்பின் கொடூரம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. முதல் பிரேதப் பரிசோதனையில் துப்பாக்கிக் குண்டுகளே கண்டறியப்படவில்லை என்பதும், இரண்டாவது பரிசோதனையில்தான் அவை வெளிப்பட்டன என்பதும் அந்த வழக்கின் வரலாற்றில் பதிவான உண்மைகள். நைனா எப்படி இறந்தார் என்பதையே நெருப்பு மறைத்திருந்தது. அவர் எப்படி வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை நாம் இன்றுவரை சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

2003-இல் விசாரணை நீதிமன்றம் சர்மாவுக்கு மரண தண்டனை விதித்தது. 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2013 அக்டோபரில், அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் அவர் விடுதலையானார். மரண தண்டனை குறைக்கப்பட்டதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. எந்தக் கொலைக்கும் அரசு இன்னொரு கொலையால் பதில் சொல்லக்கூடாது என்ற கருத்து உடையவன் நான். ஆனால் தண்டனையைக் குறைப்பதற்கு அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் சில, குற்றவாளியின் மனத்தைப் பற்றியும் கொல்லப்பட்டவரின் நிலையைப் பற்றியும் நம் சமூகம் முழுவதும் நம்பிக்கொண்டிருக்கும் தவறான கருத்துகளையே சட்டத்தின் மொழியில் சொல்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நீதிமன்றம் கண்ட காரணங்களின் சாரம் இது: இந்தக் கொலை சீர்குலைந்த தனிப்பட்ட உறவின் விளைவு, சமூகத்துக்கு எதிரான குற்றமல்ல, சர்மா தன் மனைவியின் மீது அளவுகடந்த உடைமை உணர்வு கொண்டிருந்தார், மனைவியின் நடத்தையைச் சந்தேகித்தார், சர்மாவுக்கு முந்தைய குற்றப் பின்னணி இல்லை, பிணவறையில் உடலைக் காட்டியபோது அழுதார், எனவே வருத்தமே இல்லாதவர் என்று சொல்ல இயலாது. இவற்றோடு, என்னை மிகவும் உறுத்திய இன்னொன்றும் உண்டு. நைனா விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றவர், கட்சியில் பொறுப்பு வகித்தவர், சுயமாக முடிவெடுக்கக் கூடியவர், வெளியுலகத்துடன் தொடர்பில் இருந்தவர், ஏழையோ படிக்காதவரோ அல்லர். ஆகவே கணவர் அவர்மீது ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருந்தார் என்ற முடிவுக்கு வருவது கடினம் என்று நீதிமன்றம் கருதியது.

படித்த, சம்பாதிக்கும், துணிச்சலான பெண்ணை வீட்டுக்குள் ஒருவர் அடக்கி வைத்திருக்க முடியாது என்ற நம்பிக்கை நம்மிடம் மிக ஆழமாக வேரோடியிருக்கிறது. "அவளே விவரமானவள், அவளையா அடக்க முடியும்?" என்று கேட்காத உறவினர் இல்லை. உண்மையில் ஆதிக்கம் என்பது பட்டத்தையோ பதவியையோ வைத்து அளக்கக் கூடியது அன்று. ஒருவருடைய நடமாட்டத்துக்கும் பேச்சுக்கும் நட்புக்கும் இன்னொருவர் கணக்குக் கேட்கிறார், அந்தக் கணக்கு சரியாக இல்லாவிட்டால் விளைவு உண்டு என்பதை இருவரும் அறிந்திருக்கிறார்கள் என்றால் அங்கே ஆதிக்கம் நிலைபெற்றுவிட்டது. சொல்லப்போனால், பெண்ணுக்குச் சுயமான முகமும் தொடர்புகளும் இருக்கும் வீட்டில்தான் கட்டுப்படுத்த நினைப்பவரின் பதற்றம் அதிகம். ஏனென்றால் அங்கே அவர் கையை விட்டு நழுவக்கூடியவை அதிகம்.

சர்மாவின் மணவாழ்க்கையில் இதைத் துல்லியமாகக் காட்டும் ஒரு முரண் இருந்தது. அவர் நைனாவை மணந்துகொண்டதை வெளியுலகத்துக்கு அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டும் என்று நைனா வற்புறுத்தினார். தன் அரசியல் வாழ்க்கைக்கு அது இடையூறாகும் என்று சர்மா மறுத்துவந்தார். மனைவி என்ற தகுதியை ஊரறியத் தர மறுத்த அதே மனிதர், கணவனின் உரிமைகள் என்று தாம் கருதிய அனைத்தையும் நான்கு சுவர்களுக்குள் முழுமையாகக் கோரினார். வெளியே, நைனா தன் மனைவியே அல்லர் என்பது போல் நடந்துகொள்ள வேண்டும். உள்ளே, அவருடைய ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை அன்பின் மிகுதி என்று எப்படிச் சொல்வது? அன்பு மிகுந்தால் ஒருவரை உலகறிய நம்முடன் நிறுத்திக்கொள்ளத் தோன்றும். இங்கே இருந்தது வேறு: தனக்குத் தேவைப்படும்போது மட்டும் இருக்க வேண்டிய ஒருவர், தன் விருப்பப்படி இருக்கத் துணிந்ததைத் தாங்க முடியாத மனநிலை.

கொலை நடந்த இரவைப் பற்றி அப்போதைய செய்திகள் தந்த ஒரு விவரத்தை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. சர்மா வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார். சர்மா அதை எடுத்து ரீடயல் செய்து, மறுமுனையில் யார் என்று அறிந்துகொண்டார். துப்பாக்கி அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒற்றைச் செயலில் ஒரு விசாரணையே அடங்கியிருக்கிறது: சந்தேகம், சான்று தேடல், உறுதிப்படுத்தல், தீர்ப்பு, தண்டனை. கண்ணை மறைத்த ஆத்திரத்தின் வரிசை இப்படி இருப்பதில்லை. கணவனைக் கண்டதும் நைனா பேச்சை நிறுத்திவிட்டார் என்பதையும் கவனியுங்கள். அந்தக் கை தானாகத் தொலைபேசியை வைத்தது என்றால், அதற்கு முன்பே எத்தனையோ இரவுகள் அதைப் பழக்கியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

'திடீர் ஆத்திரம்' என்ற விளக்கத்துக்குச் சட்டத்தில் நெடுங்காலமாக ஓர் இடம் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவில் தொடர்கிறது. கடுமையான, திடீரென நேர்ந்த தூண்டுதலால் தன்னிலை இழந்தவர் செய்த கொலையைச் சட்டம் வேறாகப் பார்க்கிறது. ஆனால் இதற்கு எல்லை உண்டென்று உச்ச நீதிமன்றம் 1961-இலேயே நானாவதி வழக்கில், அதாவது கடற்படை அதிகாரி ஒருவர் தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. மனைவி தன் உறவை ஒப்புக்கொண்ட பிறகு, நானாவதி அவரையும் குழந்தைகளையும் திரையரங்கில் இறக்கிவிட்டார், கப்பலுக்குச் சென்று பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கி வாங்கினார், அந்தக் காதலரைத் தேடி முதலில் அலுவலகத்துக்கும் பிறகு வீட்டுக்கும் சென்றார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்திருந்தது. அது மனம் ஆறுவதற்குப் போதுமான நேரம் என்பது தீர்ப்பு. இங்கிலாந்தில் பழைய தூண்டுதல் வாதத்தையே 2009-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டு வேறொரு வரையறையைக் கொண்டுவந்தது. துணையின் உறவு மீறல் என்பது மட்டும் கட்டுப்பாட்டை இழந்ததற்குக் காரணமாகாது என்றும் அதில் எழுதிவைத்தது.

ஆத்திரம் என்ற விளக்கம் பொருந்தாததற்கு இன்னும் எளிய காரணம் ஒன்று உண்டு. கட்சிக் கூட்டத்தில் அவமானப்படுத்தியவரிடமோ பெரிய தலைவரிடமோ இத்தகைய மனிதர்கள் கையோங்குவதில்லை. அங்கெல்லாம் அடங்கும் கோபம், ஓர் ஆளிடம் மட்டும், ஒரு கதவு சாத்தப்பட்ட பிறகு மட்டும் அடங்க மறுக்கிறது. தன்னை மீறி எழும் உணர்ச்சி, ஆளையும் இடத்தையும் பார்த்து எழாது. முந்தைய குற்றப் பின்னணி இல்லை என்பதையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். வெளியில் யாருக்கும் தீங்கு செய்யாதவர் என்பது, அவர் வீட்டுக்குள் ஆபத்தற்றவர் என்பதற்குச் சான்றாகாது.

இத்துறையில் நடந்த ஆய்வுகள் இதையே வலுப்படுத்துகின்றன. அமெரிக்காவின் 11 நகரங்களில் ஜாக்குலின் கேம்பெல் தலைமையில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு, துணையால் கொல்லப்பட்ட பெண்களையும் துணையின் வன்முறைக்கு ஆளாகியும் உயிரோடிருந்த பெண்களையும் ஒப்பிட்டது. மிகுந்த கட்டுப்பாடு செலுத்தும் ஆணிடமிருந்து பெண் பிரிந்து செல்லும் சூழலில் கொலை அபாயம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு உயர்கிறது என்பது அதன் முக்கியமான கண்டறிதல்களில் ஒன்று. ஆணின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதும் அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. சர்மாவிடம் இருந்தது உரிமம் பெற்ற துப்பாக்கி. பிரிட்டனில் ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து 2019-இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதே திசையைக் காட்டுகிறது: கண்காணிப்பும் கட்டுப்பாடும் நிறைந்த உறவு, அந்தக் கட்டுப்பாடு தளர்வதாக உணரும் ஒரு தருணம், பிறகு வேகமெடுக்கும் மிரட்டல்கள், எண்ணப்போக்கில் மாற்றம், திட்டமிடல், கொலை. அப்படியானால் உடைமை உணர்வு கொலையின் கடுமையைக் குறைத்துக் காட்டும் சூழ்நிலை அன்று. அதுதான் கொலைக்கான காரணம்.

அழுகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிணவறையில் அவர் அழுதது நடிப்பு என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. துணையைக் கொன்ற பலர் உண்மையாகவே அழுகிறார்கள், சிலர் உயிரையும் மாய்த்துக்கொள்கிறார்கள். ஆனால் இழந்ததற்காக அழுவதும் செய்ததற்காக வருந்துவதும் ஒன்றல்ல. தனக்கு உரியது என்று எண்ணிய ஒருவர் இனி இல்லை என்ற துக்கத்துக்கு நடுவிலும், அவர் தனக்கு உரியவர் என்ற எண்ணம் சற்றும் அசையாமல் இருக்கலாம். அந்த எண்ணம் அசைந்ததா என்பதுதான் மனமாற்றத்தின் அளவுகோலாக இருக்க வேண்டும்.

நீதிமன்றங்களால் ஓர் உறவின் நீண்ட காலத்தைப் பார்க்க இயலாது என்று சொல்வதற்கில்லை. 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயம்புக்கனி வழக்கில், கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளுடன் கிணற்றில் குதித்து, குழந்தைகள் இறக்கத் தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் மனத்தை, நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்து அணுகியது. திடீர் தூண்டுதல் என்ற சட்டகத்துக்குள் அவர் அடங்கமாட்டார் என்பதை உணர்ந்து, நாள்பட்ட தூண்டுதல் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. துன்பத்தைச் சுமந்தவரின் ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தெரிந்த சட்டம், துன்பத்தைத் தந்தவரின் ஆண்டுகளையும் அதே அக்கறையோடு கணக்கில் எடுக்கலாமே. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மன ரீதியான வன்முறையையும் பொருளாதார வன்முறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் 2015-இல் இங்கிலாந்து செய்ததைப் போல, தொடர்ந்து கட்டுப்படுத்தி அச்சுறுத்தும் நடத்தையையே தனிக் குற்றமாக அறிவிக்கும் பிரிவு நம்மிடம் இல்லை.

புதிதாக ஒரு வழக்கு செய்தியில் வரும்போதெல்லாம் நம்மிடையே நடக்கும் பேச்சைக் கண்டு எனக்கு ஆழ்ந்த கவலை உண்டு. மனைவியைக் கொன்றதாகக் கணவர் கைது செய்யப்பட்ட அன்றே ஒரு தரப்பு அவரை 'சைக்கோ' என்று முடிவு செய்கிறது. இன்னொரு தரப்பு "அவள் என்ன செய்தாளோ" என்று தொடங்குகிறது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. ஒளிப்பதிவுத் துணுக்குகளைப் பார்த்து ஒருவருக்கு மனநோய் இருப்பதாக அறிவிக்கும் தகுதி எந்த நேர்மையான மருத்துவருக்கும் கிடையாது. மேலும் 'சைக்கோ' என்ற அந்தச் சொல், மனநோயோடு அமைதியாக வாழ்ந்துகொண்டிருக்கும் எத்தனையோ பேர்மீது பழியைச் சுமத்துவதோடு, கொலை செய்தவரை நம்மிலிருந்து வேறான பிறவியாக்கி நம் மனச்சாட்சியையும் தூங்க வைத்துவிடுகிறது. மனைவியின் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பதை அக்கறை என்று கருதும் ஆண்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்லப் போவதில்லை. ஆனால் கொல்லப்போகும் ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள் இயல்பானவராகத் தெரிகிறார். அவருடைய மனைவி சொல்வதும் சாதாரணக் குடும்பச் சண்டையாகவே கேட்கப்படுகிறது.

ஒரு பெண் மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தால், கணவரையும் வரவழைத்து, இருவரையும் உட்கார வைத்துப் பேசி, "இனி பிரச்சினை செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கேம்பெல் உருவாக்கிய அபாய மதிப்பீட்டில் 20 கேள்விகள் உள்ளன. முழுப் பட்டியலும் வேண்டாம், குறைந்தபட்சம் நான்கை அந்த மேசையில், கணவர் அறைக்கு வெளியே இருக்கும்போது, கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று கோருகிறேன். அவர் எப்போதாவது உங்கள் கழுத்தை நெரித்திருக்கிறாரா? வீட்டில் துப்பாக்கியோ வேறு ஆயுதமோ இருக்கிறதா? யாருடன் பேசுகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்பதை அவர் தொடர்ந்து கண்காணிக்கிறாரா? பிரிந்து போகப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அன்று இரவு அந்தப் பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது.