செர்வாண்டஸ் அடிமையாக இருந்தவர்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில், 'டான் குவிக்ஸாட்' நாவலை எழுதிய ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸின் சிலையில் பெயிண்ட் பூசிய விஷயத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று நம் வட்டத்திலேயே ஒருவர் "ஸ்பானியன்தானே, போகட்டும் விடுங்க" என்று எழுத, அதற்குக் கீழே வரிசையாக இதயம் போட்டிருக்கிறீர்கள். அதில் நான் மதிக்கும் பெயர்களும் இருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

செர்வாண்டஸ் அடிமைகளை வைத்திருந்தவர் இல்லை. அவரே அடிமையாக இருந்தவர். 1575இல் நேப்பிள்ஸிலிருந்து ஊர் திரும்பும் வழியில் கப்பலோடு கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு, வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸில் ஐந்து வருடம் சங்கிலியில் கிடந்தார். நான்கு முறை தப்பிக்கப் பார்த்து நான்கு முறையும் மாட்டிக்கொண்டார். கூடப் பிடிபட்ட தம்பி ரொட்ரீகோ முதலில் மீட்கப்பட்டார். இவரை விடுவிக்க 500 தங்க எஸ்குடோ நாணயம் கேட்டார்கள். குடும்பத்தால் முடியவில்லை. 1580இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட இருந்த கப்பலில் அவரை ஏற்றிய பிறகுதான் கைதிகளை மீட்கும் கிறிஸ்தவத் துறவிகள் எப்படியோ பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இந்த மனிதரின் சிலையில்தான் சிவப்புப் பெயிண்ட் பூசி வசைச்சொல் எழுதியிருக்கிறார்கள். அதுவும் 2020 ஜூன் 19 அன்று, அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாடும் நாளில்.

உடனே "உனக்கு எல்லாச் சிலையும் புனிதமா?" என்று வராதீர்கள். அன்று இரவு அதே பூங்காவில் ஹூனிபெரோ செர்ராவின் சிலையும் விழுந்தது. கலிஃபோர்னியப் பூர்வகுடிகளை மிஷன்கள் என்ற கிறிஸ்தவக் குடியிருப்புகளுக்குள் அடைத்து வேலை வாங்கிய ஸ்பானியப் பாதிரியார் அவர். அதற்காக நான் ஒரு வரி எழுதினேனா? அமெரிக்க தேசிய கீதத்தை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீயின் சிலையும் விழுந்தது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர், அதற்கும் எழுதவில்லை. போலீஸ்காரரால் கொல்லப்பட்ட கறுப்பர் ஜார்ஜ் ஃபிளாய்டுக்காக முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்தக் கோபம் என் கோபமும்தான். அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு யாரையும் தெரியாது. அம்மா பார்க்க வந்தபோது கூட்டிப்போய்க் காட்ட அந்தப் பூங்காதான் இருந்தது. பாறை மேல் செர்வாண்டஸின் தலை, கீழே டான் குவிக்ஸாட்டும் சாஞ்சோ பான்சாவும் மண்டியிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா ஏதோ கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றப் போய்விட்டார். "அம்மா, அது சாமி இல்ல, கதை எழுதினவரு. கீழ இருக்கறவங்க அவர் கதையில வர்ற ஆளுங்க" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப பெத்தவரத்தான கும்பிடறாங்க, சரிதான்" என்றார். மாட்ரிட்டின் பிளாசா தே எஸ்பான்யாவில் இருப்பது எவ்வளவோ பெரிய நினைவுச்சின்னம். அங்கே செர்வாண்டஸ் பின்னால் உயரத்தில் உட்கார்ந்திருக்க, இவர்கள் இருவரும் குதிரையிலும் கழுதையிலும் முன்னால் கிளம்பிப் போகிறார்கள். எனக்கு இந்தச் சின்னச் சிலைதான் பிடிக்கும். செய்தவர் ஜோ மோரா, உருகுவேயில் பிறந்தவர். செர்வாண்டஸ் இறந்த முந்நூறாவது ஆண்டில், 1916இல் வைத்தது.

"ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளில் பதவி கேட்டு ராஜாவுக்கு மனுப் போட்டவர்தானே?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். ஆமாம், 1590இல் போட்டார். இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணக் கஷ்டத்தில் இருந்த ஒருவர் வேலை கேட்டார், அவ்வளவுதான். ஸ்பானிஷ் கப்பற்படைக்காக ஊர் ஊராகக் கோதுமை வசூலித்தார் என்பதும் உண்மை. அதற்காகத் தேவாலயத்தின் தானியத்தில் கை வைத்து மதவிலக்கம் வாங்கியவரும் அவரேதான்.

"சாஞ்சோ கறுப்பர்களை விற்றுக் காசு பார்க்கக் கனவு காண்கிறானே?" என்றும் கேட்டார்கள். காண்கிறான்தான். பேராசை ஒரு நல்ல மனிதனை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்று எழுதிக் காட்டினால் அது எழுதியவரின் ஆசையாகிவிடுமா? 'டான் குவிக்ஸாட்' நாவலின் அதே முதல் பாகத்தில் 22ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். அரசனின் கப்பல்களில் துடுப்பு வலிக்கச் சங்கிலியில் கட்டி இழுத்துப்போகும் கைதிகளை டான் குவிக்ஸாட் வழிமறித்து விடுவிக்கிறார். கடவுளும் இயற்கையும் சுதந்திரமாகப் படைத்தவர்களை அடிமையாக்குவது கொடுமை என்று அந்தக் காவலர்களிடம் சொல்கிறார். 1605இல் அச்சான புத்தகம் இது. சங்கிலி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எழுதியது. விடுதலையான கைதிகளே அவரைக் கல்லால் அடித்துவிட்டு ஓடுவதையும் அவர்தான் எழுதினார்.

நாவலின் மூல ஆசிரியர் சீதே ஹமேத்தே என்ற அரேபிய வரலாற்றாசிரியர் என்று செர்வாண்டஸ் ஒரு கற்பனை செய்து வைத்திருக்கிறார். தன்னைச் சிறைவைத்த மக்களின் மொழியிலிருந்து தன் கதை வந்ததாக எழுத எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அந்த மனசுக்கு நாம் கொடுத்த மரியாதை ஒரு டப்பா பெயிண்ட்.

"வெள்ளைக்காரன் மேல உனக்கென்ன இவ்வளவு பாசம்?" என்ற கமெண்டுக்குத்தான் எனக்குத் தூக்கம் போனது. பெயரையும் ஊரையும் வைத்து ஒருவரை முடிவு கட்டுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்தில் என் பெயரைக் கேட்டதுமே காலியில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் சாதியைக் கேட்டுவிட்டு வீடு இல்லை என்பார்கள். இதையெல்லாம் அனுபவித்த நாமே "ஸ்பானியன்தானே" என்று எழுதினால் எப்படி? செர்வாண்டஸ் யார் என்று தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம்கூட ஒருவரும் செலவழிக்கவில்லை.

பெயிண்டைச் சுத்தம் செய்துவிடுவார்கள், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பக்கத்தில் ஒரு பலகை வேண்டும். அல்ஜியர்ஸில் அவர் அடிமையாகக் கிடந்த ஐந்து வருடம் அதில் இருக்க வேண்டும், 22ஆம் அத்தியாயத்தில் அவர் சொன்னதும் இருக்க வேண்டும். இதைக் கேட்டு நகரக் கலை ஆணையத்துக்குக் கடிதம் எழுதப் போகிறேன். சான் பிரான்சிஸ்கோவிலும் சுற்றுவட்டத்திலும் இருப்பவர்கள் யாராவது கூடவே கையெழுத்துப் போடுவீர்களானால் கீழே சொல்லுங்கள். இதயம் போட்டவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.