விடுதியில் அதிக நேரம் இருக்கப்போவது யார்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மே மாத விடுமுறையில், அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், எங்கள் குடும்பம், இவற்றோடு அப்பா, அம்மா என்று மொத்தம் பன்னிரண்டு பேர் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் போனோம். அப்பாவுக்கு அப்போது வயது 81. சர்க்கரை நோய் உண்டு, இரவில் மூன்று முறையாவது எழுந்துகொள்வார். அம்மாவுக்கு 74, ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, மற்றதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களில் இளையவள் தங்கையின் இரண்டு வயது மகள். விடுதியைத் தேர்ந்தெடுத்தவர் அண்ணன். அவர் குடும்பக் குழுவில் பகிர்ந்த படங்களைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஆகா என்றோம் என்பதால், பின்னால் நடந்ததற்கு அவரை மட்டும் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை.

படங்களில் இருந்ததெல்லாம் அங்கே உண்மையாகவே இருந்தது. மேகம் அறைக்குள் நுழையும் பால்கனி, மரத்தாலான கூரை, வெள்ளை விரிப்பு என்று எதிலும் பொய் இல்லை. படத்தில் இல்லாதது நாற்பத்து மூன்று படிகள். வரவேற்பறையும் சாப்பாட்டுக் கூடமும் சாலையை ஒட்டி மேலே இருந்தன. காட்டேஜ்கள் சரிவில் அடுக்கடுக்காகக் கீழே இருந்தன. மலை விடுதிகளில் இது விதிவிலக்கு அல்ல, பெரும்பாலும் வழக்கமே. பள்ளத்தாக்கு மறைவின்றித் தெரிய வேண்டுமானால் முன்னால் வேறு கட்டடம் இருக்கக் கூடாது. அதற்கு நம் அறை சரிவின் விளிம்பில் இருந்தாக வேண்டும். விளிம்பு என்றாலே சாலையிலிருந்து விலகிக் கீழே என்றுதான் பொருள். ஆகவே காட்சி நன்றாக அமைய அமையப் படிகளும் கூடுகின்றன, வாடகையும் கூடுகிறது. கூடுதல் பணம் கொடுத்து நாங்கள் வாங்கியது பாதிக்கு மேல் படிகளைத்தான் என்பது பெட்டிகளை இறக்கும்போதே புரிந்துவிட்டது.

அம்மா அன்று மாலை அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை இறங்கினார். மூன்றாம் நாள் காலை வண்டி ஏறுவதற்காக ஒரு முறை ஏறினார். இடையில் அவருக்குச் சிற்றுண்டியும் சாப்பாடும் தட்டில் மூடி எடுத்துவரப்பட்டன. அந்தக் குளிரில் இட்லி அறைக்கு வந்து சேரும்போது கல்லாகியிருந்தது. நாங்கள் தூண் பாறைக்கும் குணா குகைக்கும் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் இரண்டு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். பால்கனியில் உட்காரலாமே என்று கேட்டேன். அங்கே இருந்தவை தாழ்வான மூங்கில் இருக்கைகள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்” என்று அம்மா மூன்று நாளும் அலுக்காமல் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் பயணத்தில் நானும் என் வயதினரும் விடுதியில் விழித்திருந்த நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்கூட வராது. காலையில் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினால், இருட்டிய பிறகு வந்து படுத்துக்கொண்டோம். அப்பாவும் அம்மாவும் ஏறத்தாழ முழு நாளையும் அங்கேயே கழித்தார்கள். தங்கையும் அப்படித்தான், குழந்தையின் மதியத் தூக்கம் அவளைக் கட்டிப்போட்டது. நமக்கு விடுதி என்பது படுக்கை. அவர்களுக்கு அதுதான் கொடைக்கானல். அப்படியிருக்க, அங்கே மிகக் குறைந்த நேரம் இருக்கப்போகிறவர்களின் கண்ணைக் கொண்டு அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது எந்த வகையில் நியாயம்? மூன்று தலைமுறை சேர்ந்து போகும் பயணத்தில், வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் பகல் முழுவதும் எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். வாடகை, காட்சி, நீச்சல் குளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வயதானவர்களை எதற்கு மலைக்கு அழைத்துப்போகிறீர்கள் என்று உறவினர் சிலர் கேட்டார்கள். அக்கறையில் கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இதயம் அல்லது நுரையீரல் தொடர்பான நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவதே நல்லது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பெற்றோரைத் தோற்கடித்தது மலை அல்ல. ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் அப்பா கைத்தடியோடு அரை மணி நேரம் நடந்தார். 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் இரண்டு இடங்களில் உட்கார்ந்து எழுந்து, பள்ளத்தாக்கை எங்களைவிட நிதானமாகப் பார்த்தார். ஊர் அவருக்கு இடம் கொடுத்தது, விடுதி கொடுக்கவில்லை.

விசாரிக்க வேண்டியவற்றில் என் அனுபவத்தில் முதலாவது குளியலறைதான். இணையத்தில் விடுதிப் படங்கள் எல்லாம் கட்டிலின் அருகே நின்று சன்னலை நோக்கி எடுக்கப்பட்டவை. குளியலறை வாசலில் இருக்கும் ஆறு அங்குலத் திண்டை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், பழக்கமில்லாத அறையில், விளக்குச் சுவிட்சைத் தேடிக்கொண்டே நடக்கும் 81 வயதுக்காரருக்கு அந்தத் திண்டுதான் மிகப் பெரிய ஆபத்து. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டால் எல்லா விடுதியும் இருக்கிறது என்றே சொல்லும். அதன் அருகே சுவரில் கைப்பிடி இருக்கிறதா, குளிக்கும் இடமும் கழிப்பிடமும் ஒரே தளத்தில் நனைந்து கிடக்குமா, தரை வழவழப்பான டைல்ஸா, வெந்நீர் நாள் முழுவதும் வருமா அல்லது காலை ஆறு முதல் ஒன்பது வரைதானா என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். இதற்கு நான் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். முன்பணம் அனுப்புவதற்கு முன், வாட்ஸாப் காணொளி அழைப்பில் வந்து, கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை கேமராவை அணைக்காமல் நடந்து காட்டச் சொல்கிறேன். மகிழ்ச்சியோடு நடந்து காட்டியவர்களும் உண்டு. “மேடம், நீங்க ரூம் எடுக்க வர்றீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றீங்களா” என்று கேட்டவரும் உண்டு. கேட்டவரின் விடுதியில் நாங்கள் தங்கவில்லை.

இன்னொரு தகவல் பலருக்குத் தெரிவதில்லை. நட்சத்திர வகைப்பாடு பெற்ற ஓட்டல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவும், குளியலறையில் கைப்பிடிகளும் இருக்கும் அந்த அறையை, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து நாம் கேட்பதே இல்லை. முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு அதைவிடப் பொருத்தமான அறை வேறு இல்லை. வேறு எவரும் அதைக் கேட்டிராத நாளில் கேட்டால் கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சாய்தளம் இருக்கிறது என்று சொன்னால் அதையும் காணொளியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது ஏற்கப்பட்ட அளவு, ஆனால் நான் பார்த்த சில சாய்தளங்கள் பெட்டிகளை உருட்டி இறக்குவதற்காகக் கட்டப்பட்டவை.

தரைத்தள அறை கிடைத்துவிட்டால் சிக்கல் முடிந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. மலையூரில் சரிவை ஒட்டிய தரைத்தள அறைகள் பல ஈரம் கோத்து, பூஞ்சை வாடையோடு இருக்கும்; பின்சுவருக்குப் பின்னால் இருப்பது மண்மேடு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது படிகளைவிட மோசம். வெயில் விழும் பக்கமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. டிசம்பர், ஜனவரியில் போவதாக இருந்தால் ஹீட்டர் அறைக்கு உரியதா, தனி வாடகையா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் அது ஓடுமா என்பதையும் கேட்க வேண்டும்.

தனித்தனிக் காட்டேஜ்களா, ஒரே கூரையின் கீழ் பல அறைகளா என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அண்ணிக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் தனிமை வேண்டும். வருடம் முழுவதும் கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர் கேட்கும் அந்த மூன்று நாள் தனிமையை நான் மதிக்கிறேன். ஆனால் காட்டேஜ்கள் சிதறிக் கிடந்தால், இரவில் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் எங்களை எப்படி அழைப்பார்? கைப்பேசி சிக்னல் எல்லாச் சரிவிலும் கிடைப்பதில்லை. கொடைக்கானலில் இருட்டிய பிறகு காட்டுமாடுகள் தெருவுக்கும் தோட்டத்துக்கும் வருவது சாதாரணம். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கைவிளக்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டேஜுக்கு நடப்பது சாகசமாகத் தோன்றலாம், ஆனால் எதிரே ஒன்று நின்றால் தோன்றாது. ஒரே வீட்டில் கதவுள்ள தனி அறைகள், நடுவில் எல்லோரும் கூட ஒரு பெரிய கூடம் அல்லது திண்ணை என்பதுதான் நான் கண்ட சமரசம். விடுதிக்காரர்கள் ‘ஃபேமிலி சூட்’ என்று சொல்வது பல நேரங்களில் ஒரு கட்டிலும் தரையில் விரிக்கும் இரண்டு மெத்தைகளும்தான் என்பதால், கட்டில் எத்தனை, மெத்தை எத்தனை என்று எண்ணிக் கேட்டுவிடுங்கள். தரை மெத்தையில் யார் படுப்பது என்ற கேள்வி வந்தால், நம் வீடுகளில் அதற்கு முதலில் முன்வருபவர் பாட்டியாகத்தான் இருப்பார்.

சாப்பாட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. சமையலறையோடு கூடிய வீடு வசதியானது என்று பரிந்துரைப்பவர்களிடம், அந்த வசதி யாருக்கு என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு பேருக்குத் தோசை சுடுவதற்காக நானும் அண்ணியும் தங்கையும் மலையேறத் தேவையில்லை. சமையல்காரரோடு சேர்த்துக் கிடைத்தால் எடுக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். அதே நேரம், காலை உணவு எட்டு மணிக்குத்தான் என்னும் இடத்தில், ஏழு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்ன செய்வார்? ஒரு கெட்டில், மருந்து வைக்கக் குளிர்பதனப் பெட்டி, கேட்ட நேரத்தில் இரண்டு இட்லி ஆகிய மூன்றையும் ஒப்புக்கொள்ளும் விடுதி, முப்பது வகைப் பஃபே வைக்கும் விடுதியைவிட மேல்.

செலவில் கவனிக்க வேண்டியது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு; அதற்கு மேல் போனால் 18 விழுக்காடு. ஆகவே 5,000 ரூபாய் வீதம் நான்கு அறைகள் எடுத்தால் வரியோடு 21,000 ரூபாய். அதே 20,000 ரூபாய்க்கு ஒரு வில்லாவை ஒரே அலகாக எடுத்தால் 23,600 ரூபாய். இரண்டு இரவுகளுக்கு 5,200 ரூபாய் வித்தியாசம். சேர்ந்திருப்பதற்கான விலை அது என்று தெரிந்து கொடுத்தால் தவறில்லை, ரசீதைப் பார்த்து அதிர்ச்சி அடையாமல் இருந்தால் போதும்.

சென்ற ஆண்டு மே மாதம் மறுபடியும் கொடைக்கானலுக்கே போனோம். நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. வண்டிகளுக்கு நாள்வாரியாக வரம்பு இருந்ததால் விடுதியை உறுதிசெய்த அன்றே அதையும் எடுத்துவிட்டோம். இம்முறை தங்கியது பழைய ஓட்டு வீடு ஒன்றில். வாசல் வரை கார் வந்தது, ஏற வேண்டியவை இரண்டே படிகள். பள்ளத்தாக்கு தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் ஒரு பேரிக்காய் மரமும் பக்கத்துத் தோட்டமும் சாலையில் போய்வருபவர்களும்தான். அண்ணன் மகள் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பதினேழு வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அப்பாகூட, “எனக்காகப் போய் நல்ல இடத்தை விட்டுட்டீங்களே” என்று வருத்தப்பட்டார்.

அம்மா வருத்தப்படவில்லை. கைப்பிடி வைத்த மர நாற்காலியைத் திண்ணையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியோடு சேர்ந்து மலைப்பூண்டு உரித்தார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது என்று நான் சொன்னேன். அதன் பற்கள் உரிப்பதற்கு எவ்வளவு சிரமம் என்பதையும், அந்தப் பெண்ணின் மருமகள் திண்டுக்கல்லில் என்ன படிக்கிறாள் என்பதையும் அம்மா எனக்குச் சொன்னார். இரண்டு வயதாக இருந்தவள் இப்போது மூன்று வயதுக்காரியாகித் திண்ணைக்கும் மரத்துக்கும் இடையில் நாள் முழுவதும் ஓடினாள். இரண்டாம் நாள் மதியம், வெளியே போகலாம் என்று வண்டியை எடுத்தபோது அண்ணன் மகள் வரவில்லை என்றாள். பாட்டியோடு உட்கார்ந்திருக்கப் போகிறாளாம்.

இந்த ஆண்டு ஏற்காடு போகலாம் என்று பேச்சு. உயரம் 1,500 மீட்டர்தான் என்பதால் குளிர் குறைவு, சேலத்திலிருந்து மலைப்பாதையும் குறைவு; இருபது கொண்டை ஊசி வளைவுகளை அப்பாவின் வயிறு தாங்கும் என்று நம்புகிறோம். அண்ணன் வழக்கம்போல ஒரு மரவீட்டின் படத்தைக் குழுவில் போட்டிருக்கிறார். ஏணி எத்தனை படி என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்து நான்கு நாளாகிறது, பதில் இல்லை. வாசல் வரை கார் போகும், திண்ணையுள்ள, குளியலறையில் கைப்பிடி உள்ள, சமையல்காரர் இருக்கிற வீடு ஏற்காட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பள்ளத்தாக்கும் தெரிந்தால் அண்ணனிடமும் சொல்லிவிடுகிறேன்.