சாளை வறுக்க எண்ணெய் எதற்கு?

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ டயட்டை ஆரம்பித்து ஒரு வருடம் முடிந்தபோது என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படமெடுத்து நம் பேலியோ குழுவில் போட்டிருந்தேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.6-இலிருந்து 6.1. டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 240-இலிருந்து 98. எடையில் 11 கிலோ போயிருந்தது. நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். அந்தப் படத்தில் கடைசி வரியைக் கத்தரித்துவிட்டுத்தான் போட்டேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 194. முந்தைய வருடம் அது 121.

தனியாகக் கேட்டபோது குழுவில் சில சீனியர்கள், "அதெல்லாம் பெரிய சைஸ் எல்டிஎல் துகள் ப்ரோ, ஒண்ணும் செய்யாது, கண்டுக்காதீங்க" என்றார்கள். கேட்க இனிப்பாக இருந்தது. என் டாக்டர் அப்போ-பி என்று இன்னொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் அந்தத் துகள் ரத்தத்தில் எத்தனை இருக்கிறது என்பதைக் காட்டும் டெஸ்ட் அது. அதுவும் எகிறியிருந்தது. "சைஸ் எதுவா இருந்தாலும் எண்ணிக்கை கூடினா ரத்தக்குழாய்ச் சுவர்ல போய் உட்காருறதும் கூடும்ங்க. உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு" என்றார். என் அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனவர். அதற்கு மேல் வாதாடத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து ஒருநாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டேன். காலையில் பட்டர் டீ, அதில் 30 கிராம் வெண்ணெய். வெண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைய இருக்கும் வகை. ஆக 15 கிராம். மதியம் 200 கிராம் பனீரை நெய்யில் புரட்டியது. எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம், எனவே பொரியலும் ஆம்லெட்டும் தேங்காய் எண்ணெயில்தான். ராத்திரி மட்டன், மேலே இன்னும் கொஞ்சம் நெய். கூட்டிப் பார்த்தால் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 80 கிராமைத் தொட்டது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு சுமார் 22 கிராம். அந்த வரம்பு ரொம்பக் கறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80 எங்கே, 22 எங்கே?

இந்த டயட் தப்பு என்று நான் சொல்லவில்லை. என் சர்க்கரையை இறக்கியது இதுதான், இன்றும் சோற்றுப் பக்கம் போவதில்லை. ஆனால் சோறு சாப்பிடுகிறவர் ரெண்டு ஸ்பூன் நெய் ஊற்றிக்கொள்வதும் நாம் ஊற்றிக்கொள்வதும் ஒன்றல்ல. நமக்குப் பாதிக்கு மேல் கலோரி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. அவருக்கு எந்தக் கொழுப்பு என்பது சில்லறைக் கணக்கு. நமக்கு அதுதான் முதல். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைக் கல்லீரல் இழுத்துக்கொள்வது மந்தமாகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் ஏறாது, சிலருக்கு அசையவே அசையாது. எனக்கு ஏறியது.

இதைச் சொன்னதும் செக்குக் கட்சி வந்துவிடும். "கடையில வாங்குன எண்ணெயா இருக்கும், மரச்செக்கு எண்ணெய் வாங்குங்க." நான் வாங்கியதே செக்கு எண்ணெய்தான் ஐயா. செக்கு என்பது ஆட்டுகிற முறை. கொழுப்பு எந்த வகை என்பது தேங்காயிலேயே முடிவாகிவிட்டது. அதில் 85 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்றது. அதன் லாரிக் அமிலம் நல்ல கொலஸ்ட்ரால் என்கிற ஹெச்டிஎல்லை ஏற்றும், உண்மைதான். கூடவே எல்டிஎல்லையும் ஏற்றும். அந்த ரெண்டாவது பாதியை நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள் சத்தமாகச் சொல்வதில்லை!

பாதாம் கதை இன்னும் வேடிக்கை. விதை எண்ணெய்களில் இருக்கும் ஒமேகா 6 கொழுப்பு விஷம் என்று வீட்டிலிருந்த சூரியகாந்தி எண்ணெயைத் தூக்கிப் போட்டுவிட்டு, மறுநாள் காலை 100 பாதாமை எண்ணி ஊறப்போட்டவன் நான். நூறு பாதாம் சுமார் 120 கிராம், அதில் 60 கிராம் கொழுப்பு, அதற்குள் 14 கிராம் போல ஒமேகா 6. சாதாரண சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால்கூட 8, 9 கிராம்தான் வரும். பாதாமில் இருந்தால் அமுதம், பாட்டிலில் இருந்தால் விஷமா? எனக்கு ரெண்டு பேச்சிலும் நம்பிக்கை போய்விட்டது. வெண்ணெய் இருந்த இடத்தில் ஒமேகா 6 வந்தால் எல்டிஎல் இறங்கவே செய்யும். பஜ்ஜிக் கடையில் திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய் வேறு வழக்கு.

என் சாப்பாட்டில் குறைவாக இருந்தது மீனில் கிடைக்கும் ஒமேகா 3 கொழுப்பு. ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிட்டேன், அதில் இருப்பதை உடம்பு மீன் கொழுப்பாக மாற்றிக்கொள்வது சொற்பம். கடைசியில் சாளைக்கே திரும்பினேன். மற்ற ஊரில் மத்தி என்பீர்கள். கொழுத்த சாளையை நாங்கள் நெய்ச்சாளை என்போம், பேரிலேயே நெய் இருக்கிறது. மிளகும் மஞ்சளும் உப்பும் தடவி, காய்ந்த இரும்புக் கல்லில் எண்ணெய் விடாமல் போடுங்கள். ரெண்டு நிமிஷத்தில் வயிற்றுப் பக்கமிருந்து அதன் எண்ணெயே கசிந்து சடசடக்கும். அதிலேயே வெந்துவிடும். ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

இப்போது பட்டர் டீ கிடையாது. பனீர் வாரத்தில் ரெண்டு நாள். சமையல் பெரும்பாலும் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும். பாதாம் முப்பது. சாளையோ அயிலையோ வாரம் மூன்று முறை. மாவுச்சத்தை ஏற்றவில்லை. நாலு மாதம் கழித்து எல்டிஎல் 146. மார்தட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். பார்த்தார், நல்லா இறங்கியிருக்கு என்றார், அப்புறம் பேனாவை எடுத்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார். சர்க்கரை உள்ளவருக்கு இது போதாதாம். சாப்பிடுகிறேன். ரிப்போர்ட்டை முழுசாகக் கீழே போட்டிருக்கிறேன், இந்த முறை கத்தரிக்கவில்லை.

அம்மா மட்டும் சேனையும் வாழைக்காயும் போடாமல் எனக்கென்று தனி அவியல் வைத்து, இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றுவாள். "ஒரு சொட்டுதான் மக்களே" என்பாள். அந்தச் சொட்டு எவ்வளவு என்று நோட்டில் எழுதுவதில்லை.