சின்னப் பிஸ்டல் வாங்கலாமா என்று கேட்ட மூன்று பேருக்கு

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் வந்து கேட்டுவிட்டார்கள். "அக்கா, உடைக்குள்ளே வெளியே தெரியாமல் வைத்துக்கொள்கிற மாதிரி சின்னப் பிஸ்டல் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், நீங்கள் வைத்திருக்கிறீர்களே, எப்படி?" மூவரும் அமெரிக்காவில் இருப்பவர்கள், மூவரிடமும் க்ரீன் கார்டு இருக்கிறது. அதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. எச்-1பி விசாவில் இருக்கிறவர்களுக்கு, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இது தெரியாமல் கடைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஐந்து வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன். இரவு ஷிஃப்டில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். விடியற்காலையில் ஆளே இல்லாத பார்க்கிங்கில் தனியாக நடந்துபோய்க் காரை எடுக்க வேண்டும். அந்தப் பயத்தில் வாங்கியதுதான்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது பொய்யில்லை. பெரிய துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து வேலை செய்ய முடியாது, நாலாவது நாளே வீட்டு அலமாரிக்குப் போய்விடும். சின்னதுதான் கூடவே வரும். முன்பெல்லாம் சின்னது என்றால் தோட்டாவும் குறைவு. 2015இல் வந்த க்ளாக் 43 என்ற பிஸ்டலின் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 6 தோட்டாதான். 2018இல் சிக் சாவர் கம்பெனியின் பி365 வந்தபோது கிட்டத்தட்ட அதே அளவு உடம்புக்குள் 10 தோட்டாவை அடுக்கிவிட்டார்கள், காலியாக இருக்கும்போது அரைக் கிலோ எடைதான். அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின. போலீஸ் வந்து சேர நீண்ட நேரம் ஆகிற ஒதுக்குப்புறத்தில் தனியாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு இது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

சரி, இப்போது யாரும் கடையில் சொல்லாத பக்கம்.

சின்னத் துப்பாக்கி சுடுவதற்குச் சுலபம் என்று நினைக்கிறோம். உண்மை நேர் எதிர். பெரிய பிஸ்டலில் போடும் அதே 9 மி.மீ. தோட்டாதான் இதிலும். தோட்டாவின் உதை அப்படியே இருக்க, அதை வாங்கிக்கொள்ளும் எடை மட்டும் குறைந்துவிட்டால் மிச்ச உதை எங்கே போகும்? உங்கள் மணிக்கட்டுக்குத்தான். பிடியில் இரண்டரை விரல்தான் உட்காரும், சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். குழல் 3 அங்குலம்தான் என்பதால் குறிபார்க்க மேலே இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே தூரம் குறைவு, ஒரு மயிரிழை விலகினாலும் குறி கண்டபடி தப்பும். ஸ்லைடு, அதாவது சுடுவதற்கு முன் பின்னால் இழுக்கும் மேல்பகுதி, சின்னதாக இருப்பதால் உள்ளே ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்திருக்கிறார்கள், கையில் பலம் குறைந்தவர்களுக்கு அதைப் பின்னால் இழுப்பதே பெரும்பாடு. முதல் நாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், 7 கெஜத் தூரத்தில் நான் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் கீழே இடதுபக்கமாகவே போய்க்கொண்டிருந்தன. என்னுடைய பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் மேகசினில் வெடிக்காத ஒரு டம்மி தோட்டாவைக் கலந்து வைத்தார். விசையை இழுத்தேன், சத்தமே இல்லை, ஆனால் என் கை மட்டும் தானாகக் கீழே குதித்தது. உதைக்கு முன்னாலேயே உடம்பு பயந்து துடிக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. கை வலிப்பதால் பலரும் ரேஞ்சுக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள், அப்படிப் பழகாத கையோடு அதைத் தினமும் சுமந்துகொண்டு கூட்டத்துக்குள் நடப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

அடுத்தது, எங்கே வைப்பது. ஆண்களுக்குப் பேன்ட், பெல்ட். சுடிதாரிலும் புடவையிலும் பெல்ட் எங்கே இருக்கிறது? கைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் கைப்பைக்குள் அவருடைய 2 வயதுக் குழந்தை கையை விட்டது. துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த, ஜிப் போட்ட பை அது. உள்ளே இருந்த துப்பாக்கி வெடித்து அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார். குழந்தை இருக்கிற வீட்டில் எந்தப் பெண் கேட்டாலும் நான் கைப்பை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், கெஞ்சிக்கூடக் கேட்கிறேன். உடம்போடு ஒட்டி, விசைப் பகுதியை முழுசாக மூடுகிற கெட்டியான ஹோல்ஸ்டர் (உறை) இல்லாமல் இதைத் தொடவே கூடாது. க்ளாக் மாதிரி பல பிஸ்டல்களில் தனியாகப் பூட்டும் பொத்தான் கிடையாது. உறைக்குள் திருப்பிச் செருகும்போது சட்டை நுனியோ ஜாக்கெட்டின் கயிறோ விசையில் மாட்டினால் போதும், வெடித்துவிடும்.

எனக்கு வாய்த்த கஷ்டம் இன்னொன்று. நான் வேலை செய்யும் இடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் காரிலேயே பூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறேன். அதாவது, எந்த நூறு அடிக்குப் பயந்து வாங்கினேனோ அந்த நூறு அடியை இன்றும் வெறுங்கையோடுதான் நடக்கிறேன். இங்கே திருடு போகும் துப்பாக்கிகளில் நிறைய, இப்படிக் காரில் விட்டுவைத்தவைதான் என்பது வேறு. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, துப்பாக்கியை வெளியே கொண்டுபோவதற்கான லைசென்ஸ் வாங்குவது சில மாநிலங்களில் சுலபமாகிவிட்டது, பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் லைசென்ஸே வேண்டாம். ஆனால் ஒரு மாநிலத்தின் லைசென்ஸ் எல்லை தாண்டினால் செல்லாமல் போகலாம். டெக்சாஸ் லைசென்ஸை வைத்துக்கொண்டு நியூயார்க்கில் நடமாட முடியாது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது இது. 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் 26,000க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். வெளியாளை நினைத்து வாங்குகிறோம், ஆபத்து வீட்டுக்குள்ளே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒருவர் கடுமையான மனச்சோர்வில் இருந்தார். அவரைச் சிகிச்சைக்கு அழைத்துப்போன அதே வாரம் என் துப்பாக்கியை ஒரு துப்பாக்கிக் கடையின் பெட்டகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன், நான்கு மாதம் அது வீட்டுக்கே வரவில்லை. மோசமான நேரம் கடந்துபோகும், அது கடக்கிறவரை கைக்கெட்டாமல் இருந்தால் போதும். இப்போது அவர் நன்றாக இருக்கிறார். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ அப்படி ஒரு நேரமென்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் பேசுவார்கள். வாங்குகிற யோசனையையும் தள்ளிப்போடுங்கள்.

கேட்ட மூவரில் ஒருவர் வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், பெட்டகம் வாங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இன்னொருவர் ரேஞ்சுக்கெல்லாம் போக நேரமில்லை என்கிறார், அவருக்கும் அதே பதில். மூன்றாவது பெண் ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறாள், பழகத் தயாராகவும் இருக்கிறாள். அவளை இந்தச் சனிக்கிழமை ரேஞ்சுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய சின்னதில் 50 தோட்டா, அப்புறம் வாடகைக்கு எடுக்கும் க்ளாக் 19இல் 50 தோட்டா. அது கொஞ்சம் பெரியது, 15 தோட்டா பிடிக்கும், காலியாகவே 600 கிராம் வரும். சுட்ட இரண்டு இலக்கு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும்.