நடுவில் ஒரு தலையணை

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியும் அவன் துணைவரும் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். ஆறு வருடப் பழக்கம். சாப்பிட்டுவிட்டு சோபாவில் உட்காரும்போது இருவருக்கும் நடுவில் ஒரு தலையணை இருக்கும். யாரும் வைக்கச் சொன்னதில்லை. என் மகளுக்கு இரண்டு பேருமே மாமாதான். அம்மாவுக்கு மட்டும் அவர் இன்னும் 'தம்பியோட கூட்டாளி'.

2022ல் மகளுக்கு ஒன்பது வயது. 'லைட்இயர்' கார்ட்டூன் படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தாள். அதில் திருமணமான இரு பெண்கள் சின்னதாக ஒரு முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று இங்கே என்சி16 தரம் கொடுத்தார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. வீட்டில் மாமாக்களோடு உட்கார்ந்து கறி சாப்பிடலாம், திரையில் பார்க்கத்தான் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 29ல், ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. ஆனால் ஆகஸ்டில் அதை அறிவித்தபோதே அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், திரையரங்கில் என்ன காட்டலாம் என்ற கொள்கை மாறாது என்றும் சொல்லிவிட்டார்.

சரி, தணிக்கையை விடுங்கள். நம் சினிமாவுக்கு வருவோம்.

2006ல் 'வேட்டையாடு விளையாடு' பார்க்கக் குடும்பமாகப் போனோம். கொலைகாரர்களாக வரும் இரண்டு இளைஞர்களின் உறவை நாயகன் குத்திக்காட்டும் இடத்தில் அரங்கமே சிரித்தது. நானும்தான். பக்கத்து இருக்கையில் பதினைந்து வயதுத் தம்பி. அவன் சிரித்தானா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு 2023ல் மம்மூட்டி, ஜோதிகா நடித்த 'காதல் தி கோர்' என்ற மலையாளப் படம். ஓர் ஆணோடு உள்ள உறவை மறைத்துக்கொண்டு மனைவியோடு வாழ்பவராக மம்மூட்டி வருவார். அம்மாவோடு வீட்டில் பார்த்தேன். நல்ல படம், சந்தேகமே இல்லை. மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் உடைந்து அழும்போது அம்மாவும் அழுதார். ஆனால் எனக்கு ஒரு குறை. அத்தனை வருட உறவு என்கிறார்கள், அந்த இரு ஆண்களும் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக நாலு வார்த்தை பேசுவதைக்கூடக் காட்டவில்லையே. 'அதுதான் அழகு, நாசூக்கு' என்கிறார்கள் என் தோழிகள். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது நாசூக்கு அல்ல, பயம் என்றே தோன்றுகிறது. நாயகியை மழையில் நனையவிட்டு இடுப்பைக் கிட்டத்தில் காட்டும் பாட்டை மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த வீடு எங்களுடையது. அப்போதெல்லாம் இந்த நாசூக்கு எங்கே போயிருந்தது?

படுக்கையறைக் காட்சி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. (வந்தாலும் தப்பில்லை, அது வேறு பேச்சு.) எம்ஆர்டி ரயிலில் ஒருவர் தோளில் இன்னொருவர் தூங்கிவிழட்டும். ஏர்கானை அணைக்க மறந்ததற்குச் சண்டை போடட்டும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கட்டும். கொல்லாமல், சாகாமல், கேலிக்கும் ஆளாகாமல் இரண்டு ஆண்கள் தொட்டுக்கொள்வதைத் தமிழில் ஒரு முறையாவது அம்மா பார்க்க வேண்டும்.

போன ஞாயிறு மகள் அந்தத் தலையணையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் படுக்கப் போய்விட்டாள். இவர்கள் இரண்டு பேரும் அது இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.