தாராசுரத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

நவக்கிரகச் சுற்றுக்கு வேன் பிடித்துக் கும்பகோணம் வருபவர்கள், "வழியிலதானே இருக்கு" என்று தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் கால் மணி நேரம் இறங்குகிறார்கள். இறங்கியதும் இரண்டே கேள்வி. யானையும் காளையும் ஒரே தலையில் இருக்கிற ரிஷபகுஞ்சரச் சிற்பம் எங்கே? தட்டினால் இசைக்கிற படிக்கட்டு எங்கே? படிக்கட்டுக்கு இப்போது கம்பி போட்டுவிட்டார்கள் (நல்லவேளை, தட்டித் தட்டியே தேய்த்திருப்போம்). துர்வாசர் சாபத்தால் நிறம் மங்கிய இந்திரனின் யானை ஐராவதம் இங்கே வழிபட்டு வெள்ளையானது, எமன் குளத்தில் முழுகி உடல் எரிச்சல் தீர்ந்தான் என்று கைடு சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார்.

ஐராவதத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கோயில் தன் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிற கதை வேறு. அதைப் பார்க்காமல் போகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் இது. பெரிய புராணம் அவன் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் பாடப்பட்டது என்பார்கள். ஏட்டில் இருந்தது அடுத்த தலைமுறையிலேயே கல்லுக்கு வந்துவிட்டது! விமானத்தின் அடிப்பகுதியில் வரிசையாக 63 நாயன்மார் கதைகள், சின்னஞ்சிறு சிற்பங்களாக. மேலே தமிழில் பெயர்க் குறிப்புகளும் உண்டு. கண்ணைத் தோண்டிக் கொடுக்கும் கண்ணப்பர், முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்கும் சுந்தரர். வேடர், குயவர், வண்ணார், மீனவர் எல்லோரும் அரசன் கட்டிய கற்றளியில் இடம் பிடித்திருக்கிறார்கள்.

அந்த வரிசையில் பூசலாரும் ஒருவர். காசில்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டியவர். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ அரசன் காடவர்கோன் கனவில் சிவன் வந்து, "நாளைக்கு நின்றவூரில் அன்பன் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் குடமுழுக்கை அப்புறம் வைத்துக்கொள்" என்றாராம். அரசன் கட்டியதைவிட ஏழை நினைத்தது உசத்தி என்கிற கதையை ஓர் அரசனே தன் கோயில் சுவரில் ஏற்றியிருக்கிறான். எந்தச் சாபவிமோசனக் கதையைவிடவும் எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

அதற்காக, சோழர்கள் பணிவின் திருவுருவங்கள் என்று சொல்ல வரவில்லை. முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை இதே தாராசுரத்தில்தான் இருந்தது. பீடத்தில் "கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த" என்று பெருமையாக வெட்டியும் வைத்திருக்கிறார்கள். இப்போது அது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில். போர்க் கொள்ளையும் பூசலாரும் ஒரே வளாகத்தில்!

2004இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. தஞ்சாவூர் விமானம் 200 அடியைத் தாண்டும், இங்கே அதில் பாதிகூட இல்லை. "சின்னக் கோயில்தானே" என்று சொல்பவர்கள் தேர் மாதிரி சக்கரமும் குதிரையும் பூட்டிய ராஜகம்பீரன் மண்டபத்தில் ஒரே ஒரு தூணையாவது நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அடுத்த முறை போனால் காலை வெயில் ஏறுமுன் போங்கள். விமானத்தை ஒரு சுற்று குனிந்தபடியே வாருங்கள். செல்ஃபியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், ரிஷபகுஞ்சரம் எங்கேயும் போய்விடாது.