கிழக்கே போனவனுக்கு மேற்கு நட்சத்திரம்

இன்று காலை வந்த கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். பிழை ஒருவேளை என் கண்ணில் இருக்கலாம் என்ற நப்பாசையில், நான்காவது முறை மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு படித்தேன். கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. 1971 டிசம்பரில் நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் நான் கிழக்கு முனையில்தான் பணியாற்றினேன் என்பதற்குச் சான்றாக, அன்றைய பார்ட் டூ ஆர்டரின் சான்றளிக்கப்பட்ட நகலை நான் இணைத்து அனுப்ப வேண்டுமாம். அந்த பார்ட் டூ ஆர்டர் யாரிடம் இருக்கிறது? கடிதம் எழுதிய அதே ராணுவப் பதிவேட்டு அலுவலகத்தில், கடிதம் எழுதியவரின் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்துபோய் எடுக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிப்பாய் விடுப்பில் போனாலும், இடம் மாறினாலும், கல்யாணம் செய்தாலும், பிள்ளை பெற்றாலும், அது பார்ட் டூ ஆர்டரில் ஏறினால்தான் நடந்ததாகக் கணக்கு. ஆனால் அந்தத் தாளை எந்தச் சிப்பாயும் ஊருக்குக் கட்டிக்கொண்டு வருவதில்லை. அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நான் மொண்டு கொண்டுபோய் அவர்களிடமே காட்டினால், அது தண்ணீர்தான் என்று பரிசீலித்து முடிவு சொல்வார்களாம்.

வழக்கு இதுதான். ஓர் எழுத்து. ஒரே ஓர் எழுத்து.

1986இல், பதினேழு ஆண்டு முடித்து ஹவில்தாராக நான் வெளியே வந்தபோது, டிஸ்சார்ஜ் புத்தகத்தை எழுதிக்கொடுத்த எழுத்தருக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. பதக்கங்களுக்கான கட்டத்தில் சங்கிராம் மெடலை முழுதாக எழுதினார். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் கிடைத்த சுதந்திர தின வெள்ளிவிழாப் பதக்கத்தையும், அது அவ்வளவு நீளமான பெயராக இருந்தும், முழுதாக எழுதினார். மூன்றாவதற்கு வந்தபோது கட்டத்தில் இடம் போதவில்லை. ஆங்கிலத்தில் ‘பி’ என்று ஓர் எழுத்தைப் போட்டு, ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ‘ஸ்டார்’ என்று முடித்துவிட்டார். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால்தான் விரிந்து கிடக்கிறது. நீலக் கருமை பழுப்பாகிவிட்டது; ‘பி’யின் தொப்பை மட்டும் அழுத்தமாக இருக்கிறது; புள்ளி வைத்த இடத்தில் பேனா கசிந்து ஒரு மிளகு அளவுக்கு மை ஊறியிருக்கிறது.

கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். இரண்டும் ஆங்கிலத்தில் ‘பி’யில்தான் தொடங்கும். பெயர் வைத்தவர்கள் இந்த நாட்டின் எழுத்தர்களை மனத்தில் வைத்துக்கொண்டு வைத்திருக்கலாம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தப் புள்ளி யாரையும் துன்புறுத்தவில்லை. நட்சத்திரம் என் கைக்கு வரவே இல்லை, ரிப்பன்தான் வந்தது. பெட்டியில் இருப்பது டெய்லர் காப்பி, அதாவது எங்களில் பலரும் செய்வதுபோல ராணுவச் சாமான் கடையில் காசு கொடுத்து வாங்கிக் குத்திக்கொண்டது. 2021இல் போரின் பொன்விழா வந்தது. எழுபத்தொன்றின் வீரர்களை அழைத்துச் சால்வை போர்த்தினார்கள், பதக்கங்கள் அணிந்து வரச் சொன்னார்கள். அன்றுதான் எனக்கு அந்த ஆசை வந்து தொலைத்தது: சாவதற்குள் அசல் நட்சத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும். 2022 ஜனவரியில் எழுதினேன். ஏழு மாதத்தில் ஒரு சிறு பார்சல் வந்தது. ஏழே மாதம்! நான் அசந்துபோய், அஞ்சல்காரரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, அவர் முன்னாலேயே பிரித்தேன். உள்ளே அழகாகப் பஞ்சில் வைத்து, என் சர்வீஸ் நம்பரும் பொறித்து, பஸ்சிமி ஸ்டார் இருந்தது.

அதாவது, ராணுவத்தின் கணக்குப்படி நான் அந்தப் போரில் ராஜஸ்தான் மணலிலோ பஞ்சாபின் கோதுமை வயலிலோ இருந்திருக்கிறேன். டிசம்பர் 3 மாலை தொடங்கி 16ஆம் தேதி டாக்காவில் முடிந்த பதின்மூன்று நாள் போர் அது. மேற்கே ராஜஸ்தானின் லோங்கேவாலாவுக்கும் கிழக்கே திரிபுராவின் அகர்தலாவுக்கும் நடுவே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் இருக்கிறது. நான் ஓட்டியதோ ஜபல்பூரில் செய்த ஷக்திமான் லாரி; மேட்டில் ஏறும்போது மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் வேகம். அதை ஓட்டிக்கொண்டு நான் எப்போது மேற்கே போய்ச் சண்டையிட்டுவிட்டு வந்தேன் என்பதைக் கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் இருந்த இடத்தை எனக்குச் சொல்லத் தெரியும். தர்மநகரில் ரயில் பாதை முடிந்துவிடும். அதற்கு மேல் திரிபுராவின் மலைப்பாதையில் எல்லாவற்றையும் லாரியில்தான் ஏற்ற வேண்டும்: குண்டு, டீசல், அரிசி, வெங்காயம், எல்லாம். போர் தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே இரவும் பகலுமாக ஓட்டினோம். முன்னால் போகும் வண்டியின் பின்புறம் அடித்திருந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்துக்கொண்டே, விளக்கைப் போடாமல் ஓட்டிய இரவுகள் அவை. பிறகு எல்லை தாண்டி அகௌரா, பிராமன்பாரியா, ஆஷுகஞ்ச். ஆஷுகஞ்சில் மேக்னா ஆற்றுப் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டுப் போயிருந்தது. ஹெலிகாப்டர்கள் ஆட்களைச் சுமந்து அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஓயாமல் பறந்துகொண்டிருக்க, நாங்கள் வண்டிகளோடு இக்கரையில் நின்று, உடைந்த இரும்புத் தூலங்கள் தண்ணீருக்குள் தலைகுப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குச் சந்தேகம் வராமல் போனது என் தவறுதான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப்பார் என்றார் உடன் பணியாற்றிய நண்பர். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, என் ஷீட் ரோலின், அதாவது என் பணி விவரங்கள் எல்லாம் ஏறிய ஏட்டின், நகலைக் கேட்டேன். முப்பதாவது நாள் பதில் வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. நான் கேட்பது ஒரு தனிநபரின் சொந்த விவரமாம். மூன்றாம் நபரான எனக்குப் பிரிவு 8(1)(ஜே)யின்படி அதைத் தர இயலாதாம். காரணம் என் பெயர். என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. 1969இல் ஆள் சேர்த்த எழுத்தர் அதை ‘எல்’ போட்டு எழுதினார். ஆதாரில் ‘இசட்’டும் ‘ஹெச்’சும் போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, என் தலைப்பெழுத்தை விரித்துச் சொல் என்று அன்று கேட்டபோது நான் தகப்பனார் பெயரைச் சொல்ல, அதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டு, பதினேழு ஆண்டுகள் பரேடில் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆகவே என்னைப் பற்றி நானே கேட்கும்போது நான் அந்நியன் ஆகிவிடுகிறேன். அதற்கும் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் என்று எல்லாம் செய்து அனுப்பிவிட்டேன். விளம்பரத்தில் அச்சுப்பிழை வந்ததைப் பற்றி இங்கே எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

இன்றைய கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது.

எடுத்தவர் மெடல் செக்‌ஷன் பையன். மரியாதையான பையன். நான் இந்தியில் என் சர்வீஸ் நம்பரைச் சொன்னதும், தட்டிப் பார்த்துவிட்டு, “சாப், உங்களுக்குப் பஸ்சிமி ஸ்டார் கொடுத்தாகிவிட்டதே” என்றார்.

“அது தவறு என்றுதான் நான்கு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.”

“தவறாக இருந்தால் கம்ப்யூட்டரில் எப்படி சாப் ஏறியிருக்கும்?”

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் இந்த உலகில் இல்லை. நான் பொறுமையாக, ஷீட் ரோலை எடுத்துப் பாருங்கள், அதில் நான் எந்த முனையில் இருந்தேன் என்று இருக்கும் என்றேன். ஷீட் ரோல் எங்களிடம் இல்லை, டாகுமெண்ட் செக்‌ஷனில் கேளுங்கள் என்று இணைப்பை மாற்றினார். அங்கே எடுத்தவர், ஷீட் ரோல் ரெக்கார்டு ரூமில் இருக்கிறது, அதை வெளியே எடுக்க மெடல் செக்‌ஷன் எழுதித் தர வேண்டும் என்றார். மறுபடி மெடல் செக்‌ஷன். அங்கே அதே பையன்:

“எழுதித் தரலாம் சாப். ஆனால் உங்கள் கோரிக்கையோடு ஆதாரம் இருந்தால்தான் எழுத முடியும்.”

“ஆதாரம் ஷீட் ரோலில் இருக்கிறது.”

“அப்படியானால் அதன் நகலை இணைத்துவிடுங்கள், வேலை உடனே முடிந்துவிடும்.”

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. உண்மையாகவே எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

இரண்டரை மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை வேறு பையன். இவர் ஆர்வமானவர், கதை முழுவதையும் சொல்லச் சொன்னார். தர்மநகரில் ஆரம்பித்து மேக்னா வரை சொன்னேன். எதிர்முனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக ஒருவர் குறிப்பெடுக்கிறார் என்று எனக்குத் தொண்டை அடைத்தது. முடித்தேன். அவர் கேட்டார்: “ஆஷுகஞ்ச் ராஜஸ்தானில் எந்த மாவட்டம், சாப்?”

“தம்பி, அது வங்கதேசத்தில் இருக்கிறது.”

சற்று நேரம் மௌனம். பிறகு, பெரிய முடிச்சை அவிழ்த்துவிட்டவரின் உற்சாகத்தோடு: “அப்படியானால் இது வெளிநாட்டுப் பணி அல்லவா! நீங்கள் விதேஷ் சேவா மெடலுக்கு அல்லவா விண்ணப்பித்திருக்க வேண்டும்?”

போனை வைத்துவிட்டேன். அந்தப் பையனின் தகப்பனாரே 1971இல் பிறந்திருப்பாரா என்று தெரியவில்லை. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதுவதுதான் நியாயம். இன்றைக்கு எனக்கு நியாயத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

இதில் பணம் வருமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பைசா வராது. மாதப்படி எல்லாம் பரம் வீர் சக்கரம் போன்ற வீர விருதுகளுக்குத்தான். முனையில் இருந்ததற்காகக் கொடுக்கும் நட்சத்திரத்தால் பென்ஷனில் ஒரு ரூபாய்கூட ஏறாது. சும்மா கேட்கிறேன். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது, வழக்குப் போடு என்று யோசனை சொல்கிறார்கள். ஒரு ‘பி’யை விரித்து எழுத ஒரு வக்கீல் வைக்க வேண்டுமா?

மேற்கு நட்சத்திரத்தை நான் திருப்பி அனுப்பிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது மேற்கே குளிரில் காத்துக் கிடந்த எவனோ ஒருவனுக்குரியது. என் மார்பில் குத்திக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. திருப்பி அனுப்பியதன் பலன் இன்றைய கடிதத்தின் இரண்டாவது பத்தியில் இருக்கிறது: ஏற்கெனவே வழங்கப்பட்ட ஸ்டார் தற்போது தங்களிடம் இல்லையெனில், அது தொலைந்ததற்கான முதல் தகவல் அறிக்கையின் நகலை இணைக்கவும். மூன்றாவது பத்தி: பதக்கத்துக்குரியவர் காலமாகிவிட்டிருப்பின், வாரிசுதாரர் இறப்புச் சான்றிதழை இணைக்கவும். பக்கத்திலேயே, பொருந்தாதவற்றை அடித்துவிடவும் என்று அச்சிட்டிருக்கிறது. எதையும் யாரும் அடிக்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பரில் விரல் ரேகை வைத்து நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கிறேன். பென்ஷன் கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். மெடல் கொடுப்பவர்களுக்கு மட்டும் அந்த விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை.

மனைவி உள்ளேயிருந்து, கடிதத்தில் என்னதான் போட்டிருக்கிறது என்று கேட்டாள். நான் செத்திருந்தால் இறப்புச் சான்றிதழ் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அதையும் நீங்களே போய் வாங்கிக்கிட்டு வரணுமா?” என்றாள். அவ்வளவுதான். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த கோபம் அத்தனையும் போய், இருமல் வரும்வரை சிரித்தேன்.

நாளை பன்னிரண்டாவது கடிதத்தை எழுத வேண்டும். ரிஜிஸ்டர் தபாலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்புவதுதான் என் வழக்கம். அந்த அட்டை வட்ட முத்திரையோடு திரும்பி வரும்போது, அங்கே யாரோ ஒருவர் கையெழுத்தாவது போட்டிருக்கிறார் என்று ஒரு திருப்தி. இப்போது அந்த ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களாம், 2025இலேயே. யாரைக் கேட்டுச் சேர்த்தார்கள்?